இந்த விலாசத்தில் ஆள் இல்லை

தமிழுங்களா தம்பி? அதான பாத்தேன். போன்ல 'தோசை ஊத்திக்கிட்டேம்மா, நீ சாப்டியா'ன்னு கேட்டீங்க பாருங்க, அப்பவே எந்திரிச்சு வந்துட்டேன். பக்கத்துல உக்காரலாமுங்களா? அந்தப் பையை மட்டும் கொஞ்சம் அக்கட்டால வெச்சுக்கங்க. சன்னலோரத்துல இருந்தா ரோட்டுல போறவங்க வர்றவங்க மூஞ்சியப் பாப்பாங்க, எனக்கு அது ஆகாது.

இந்த விசா ஆபீசுக் கவுண்டர்ல நீங்க ஜெர்மன்ல பேசி டோக்கன் வாங்குனதப் பாத்தேன். உங்க நம்பர் என்னுங்க? நூத்தி எழுவத்திரெண்டா. எனக்கு நூத்தி அறுவத்தி நாலு. இப்ப ஓடறது நூத்தி நாப்பத்தொம்பது. பத்து மணிக்கு எங்கூட்டுக்காரி வந்துருவா. ரேணுகான்னு பேருங்க, இங்க பெரிய ஆஸ்பத்திரியில நர்சு. டூட்டி முடிச்சு நேரா இங்கயே வர்றேன்னு சொல்லியிருக்கறா. அவ வந்தாத்தான் நான் உள்ள போக முடியும். வராமப் போயிட்டா... வருவாளுங்க. ஆரையோ கூட்டிட்டு வர்றேன்னு வேற சொன்னா. ஆருன்னு கேட்டதுக்கு, வந்ததும் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

எனக்குப் பயமா இருக்குதுங்க தம்பி. மறைக்கறதுக்கு என்ன இருக்குது. முந்தாநாத்துல இருந்து சோறு எறங்கல.

என்ற பேரு பூபதிங்க. அவிநாசி. மெதுவாப் பேசறேன்னு நெனைக்காதீங்க, எனக்கு இப்பல்லாம் சத்தமே வெளிய வர்றதில்லை. ஒண்ணரை வருசப் பழக்கம். திருப்பூர்ல பனியன் கம்பெனியில மெர்ச்சன்டைசர் வேலை. அதாவது வெளிநாட்டுல இருந்து ஆர்டர் வந்துச்சுன்னா, துணி நெய்யறதுல இருந்து சாயம் போட்டு, தைச்சு, பெட்டியில அடைச்சுக் கப்பல் ஏத்தற வரைக்கும் எல்லாரையும் வெரட்டி வேலை வாங்கற ஆளு நான்தான். பதினோரு வருசங்க. ரேணுகாவுக்கு இங்க வேலை கெடைச்சு, நான் அவ பின்னாடியே வர்றதுன்னு முடிவானப்ப, எங்க மொதலாளி சபாபதி அண்ணன் என்னைய விடவே இல்லை. நீ எங்கிருந்து வேணாலும் பண்ணு, போனும் கம்ப்யூட்டரும் இருந்தா ஆகாதா, ஆனா என்ற ஆர்டரைப் பாக்கறது நீதான்னு சொல்லிட்டாரு. நானும் சந்தோசமாத்தான் வந்தேன்.

வந்த மொதல் மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. ஜெர்மனியில இந்தக் காஸெல் ஊரு உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்களா? ரொம்பப் பெரிசுமில்லை, சின்னதுமில்லை, நம்ம ஈரோடு மாதிரி வெச்சுக்கங்களேன். டிராம் வண்டி போகுது, மேல மலையில பூங்கா இருக்குது. ரேணுகா என்னைய அங்கெல்லாம் கூட்டிட்டுப் போனா. கீழ தபால் பொட்டியில எங்க ரெண்டு பேரு பேரையும் அச்சடிச்சு ஒட்டுனா. காலிங் பெல்லுலயும் ஒட்டுனா. மேல அவ பேரு, கீழ என்ற பேரு. போட்டோ எடுத்து அவங்க அம்மாவுக்கெல்லாம் அனுப்புனா.

அப்பத்தான் ஜெயசீலன்னு ஒருத்தரு. இங்க தமிழாளுக வாட்சப் குரூப்பு இருக்குதுங்கல்ல, அதுல அவருதான் பெரிய மனுசன். பொங்கலுக்கு எல்லாரும் கூடுனப்ப, நீங்க என்ன பண்றீங்கன்னு கேட்டாரு. நான் வெள்ளந்தியா, திருப்பூர் கம்பெனிக்கு வீட்டுல இருந்தே வேலை பாக்கறேனுங்கன்னு சொன்னேன். அவரு கையில வெச்சிருந்த வடையை அப்படியே தட்டுல வெச்சுட்டாருங்க. குரலைத் தாழ்த்தி, இத வெளிய சொல்லாதீங்க, இந்த மாதிரிதான் ஒருத்தன் மனைவி விசாவுல வந்து ஊர்க் கம்பெனிக்கு வேலை பாத்துட்டு இருந்தான், பக்கத்து வீட்டுக்காரன் சொல்லிக் குடுத்துட்டான், ஆளை ஊருக்கே தாட்டிவிட்டுட்டாங்க, அவன் பொண்டாட்டிக்கும் வேலை போச்சுன்னாரு. ஆருங்க அதுன்னு கேட்டேன். பேரெல்லாம் வேண்டாம்னுட்டாரு.

அன்னைக்குப் புடிச்சதுங்க இந்தப் பயம்.

ரேணுகா சொல்லிப் பாத்தா. உங்க விசா கார்டுலயே வேலை செய்யலாம்னு அச்சடிச்சிருக்குது, நேராப் போயி கேட்டுருவோம், வரி எதாச்சும் கட்டணும்னாக் கட்டிருவோம்னா. நான் ஒத்துக்கலை. போயிக் கேக்கறதுன்னா நாமளே போயி மாட்டிக்கற மாதிரிதானுங்களே? அச்சடிச்சிருக்கறது இங்கத்த வேலைக்கு. என்றது அந்த மாதிரியா? அவ நர்சுங்க, ஊசி மருந்து தெரியும், சட்டம் எங்க தெரியும்.

அதுல இருந்து நான் ஒரு ஒழுங்குக்கு வந்துட்டேன். திருப்பூர்ல ஒம்பது மணின்னா இங்க கோடையில அஞ்சரை, குளிர்காலத்துல நாலரை. அந்நேரத்துக்கு இந்தக் கட்டடத்துல ஊசி விழுந்தாக் கேக்கும். நம்ம சாயப்பட்டறை மாஸ்டர் ராயப்பன் இருக்கறாரே, மிசின் சத்தத்துல நின்னு பேசிப் பேசி அவருக்குக் கத்தாமப் பேசவே வராது. அதனால துணி அலமாரிக்குள்ள எடம் பண்ணிக்கிட்டேன். ரேணுகாவோட குளிர்கோட்டெல்லாம் ஒதுக்கிட்டு, முக்காலியப் போட்டு, ஊர்ல இருந்து கொண்டாந்த பவானி ஜமுக்காளத்தைத் தலையோட போத்திக்கிட்டு உக்காந்துருவேன். அதுக்குள்ள இருந்து குசுகுசுன்னு, மாஸ்டரே, அந்த நேவி புளூ ஒரு மாத்து தூக்கலா இருக்குது, கொஞ்சம் எறக்குங்கன்னுவேன். அவரு அங்கிருந்து, என்னுங்க சார், கெணத்துக்குள்ள இருந்து பேசறீங்களான்னு கத்துவாரு. சபாபதி அண்ணன் தொண்டைக்கு வைத்தியம் பாருன்னு ரெண்டு தடவை சொல்லிட்டாரு.

திரைச்சீலை பகல்லயும் தொறக்கறதில்லை. செருப்புப் போட்டு நடக்கறதில்லை, சாக்ஸ்தான். ரேணுகா டூட்டிக்குப் போயிட்டான்னாக் கொழாயைத் தொறக்க மாட்டேன். வீட்டுல ஆளில்லைன்னு கீழ நெனச்சுட்டு இருக்கறப்பத் தண்ணி ஓடுனாச் சந்தேகம் வருமில்லீங்களா? குக்கர் வெக்கறதை விட்டுட்டேன், விசில் அடிக்கும்ல. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வெளிய போறதுன்னா, அவளை முன்னாடி அனுப்பிட்டு, அஞ்சு நிமிசம் கழிச்சு நான் தொப்பி போட்டுட்டு எறங்குவேன். டிராம் ஸ்டாப்புல அவ அந்தக் கோடியில நிப்பா, நான் இந்தக் கோடியில நிப்பேன். சேந்து போனாத்தானே நாலு பேரு பாத்து வெப்பாங்க. கொஞ்ச நாள்ல அவளே, போலாமான்னு கேக்கறதை நிறுத்திட்டா. எனக்கும் அது சௌகரியமாப் போச்சு.

ஒரு நாள் டூட்டி விட்டு வந்து சோபாவுல உக்காந்துட்டுச் சொன்னா: "வீட்டுக்கு வந்தா, ஆரும் இல்லாத வீட்டுக்குள்ள வர்ற மாதிரியே இருக்குதுங்க." எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுங்களா? கூட இருக்கறவளுக்கே அப்படித் தோணுதுன்னா, கீழ் வீட்டுக்காரனுக்கு எங்க தெரியப் போகுதுன்னு நெனச்சேன். அதை அவகிட்டயே சொன்னேன். அவ எந்திரிச்சுக் குளிக்கப் போயிட்டா.

நூத்தி அம்பத்தி நாலு. சீக்கிரமாப் போகுதுங்க. மணி என்னாச்சு? ஒம்பது அம்பதா.

எங்க விட்டேன்? பேரு. தபால் பொட்டியில இருந்த பேரு. அது என்ற கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. போறவன் வர்றவன் எல்லாம் படிக்கற மாதிரி பூபதின்னு அச்சடிச்சு ஒட்டி வெச்சிருந்தா, வா வந்து புடின்னு கூப்புடற மாதிரி இல்லீங்களா? நம்மூர்லன்னா பேரு இல்லாட்டி என்னுங்க, தபால்காரரு 'பூபதி வீடு எது'ன்னு ஒரு சத்தம் குடுத்தார்னா மூணாவது தெருவுல இருந்து பதில் வரும். ஒரு நாள் மத்தியானம் எறங்கிப் போயி, என்ற பேரை மட்டும் நகத்தால சொரண்டி எடுத்துட்டேன். அவ பேரைத் தொடலை. பெல்லுலயும் அதே மாதிரி. நல்ல வேலை பண்ணுனோம்னு அன்னைக்கு நல்லாத் தூங்குனேன். ரேணுகா பாத்துட்டுக் கேட்டா, பசை விட்டுப் போச்சு போலன்னேன். பாவம், அவ மறுபடி ஒட்டுனா. நான் மறுபடி எடுத்தேன். மூணாவது தடவை அவ ஒட்டலை.

இந்த ஊர்ல பொட்டியில பேரு இல்லைன்னா அந்த ஆளே இல்லைன்னு வெச்சுக்குவாங்களாம்ங்க. கடிதாசியைப் போடாமத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவாங்களாம். உங்களுக்குத் தெரியுமா? தெரியும்ங்கறீங்க. எனக்கு ஆரும் சொல்லலையே தம்பி.

என்ற கார்டு முடியற காலம் வந்துச்சு. புதுப்பிக்க இன்ன தேதிக்கு வான்னு இதே ஆபீசுல இருந்து கடிதாசி போட்டிருக்கறாங்க. என்ற பேருக்கு. பொட்டியில பேரு இல்லை, திரும்பிப் போயிருச்சு. மறுபடி போட்டாங்க. அதுவும் போயிருச்சு. இந்த விலாசத்தில் ஆள் இல்லைன்னு முத்திரை குத்தி.

நான் கடிதாசி வரக் காணமேன்னு நிம்மதியா இருந்தேன். கவர்மெண்டு நம்மளை மறந்துருச்சுன்னு நெனச்சேன்.

அந்தச் சமயத்துலதான் கட்டடத்தைப் பாத்துக்கற ஆளு வர ஆரம்பிச்சாரு. வைஸ்னு பேரு. கனத்த பூட்சு, இடுப்புல சாவிக்கொத்து, கருநீலத்துல ஒரு மேல்சட்டை, நெஞ்சுல எதோ எழுத்து. கதவு ஓட்டையில பாத்தேன். போலீசுன்னேதான் நெனச்சேன். அலமாரிக்குள்ள ராயப்பன் லைன்ல கத்திட்டு இருக்கறாரு, இங்க கதவுல ரெண்டு தட்டு, "ஹெர் பூபதி, ஹெர் பூபதி"ன்னு. ஹெர்னா இங்க மிஸ்டருங்க. போனைக் கட் பண்ணிட்டு பாத்ரூம்ல போயி தரையில உக்காந்துட்டேன். போயிட்டாரு.

ஒரு வாரங் கழிச்சு மறுபடி வந்தாரு. தட்டுனாரு. நான் ஏசுநாதர், மாரியம்மா, அவிநாசியப்பா எல்லாரையும் கூப்புட்டேன். மூணாவது தடவை வந்தப்ப, கதவுக்கடியில ஒரு சீட்டைத் தள்ளிவிட்டுட்டுப் போனாரு. கையில எழுதியிருக்குது, ஜெர்மன்ல. போன்ல போட்டோ புடிச்சா அதுவே தமிழ்ல சொல்லிரும்னு எனக்கும் தெரியும்ங்க. ஆனா அந்தப் போட்டோ எங்கெங்க போகும், ஆரு ஆரு கைக்குப் போகும்? துண்டு துண்டாக் கிழிச்சுக் கக்கூசுல போட்டுட்டு, ரேணுகா வர்ற வரைக்கும் காத்திருந்து தண்ணி ஊத்துனேன்.

அப்பறம் அவரே படிக்கட்டுல ரேணுகாவைப் பாத்துச் சொல்லியிருக்கறாரு, என்ன எழுதுனார்னு. உங்க வீட்டுக்காரரு பேரு பொட்டியில இல்லை, தபால்காரரு கேக்கறாரு, கடிதாசி திரும்பிப் போகுது, நான் வேணும்னா ஒரு பேர்ப் பலகை பண்ணித் தரட்டுமா. அவ்வளவுதானாம்ங்க. அதை எங்கிட்ட சொல்லிட்டு அவ என்னையவே பாத்துட்டு இருந்தா. எனக்கு எப்படித் தெரியும்? அந்த மாதிரிச் சட்டையப் போட்டுட்டு வந்தா ஆரா இருந்தாலும் பயப்படத்தான செய்வாங்க. நீங்களே சொல்லுங்க.

ஆனா அவரு ரேணுகாகிட்ட சொல்றதுக்கு முன்னாடியே விசயம் கைமீறிப் போயிருந்துச்சு. ஆபீசுல இருந்து ஒரு பொம்பள வந்து அந்த வைஸ்கிட்ட விசாரிச்சிருக்கறாங்க. இந்த வீட்டுல பூபதின்னு ஒருத்தரு குடியிருக்கறாரா? அவரு பொய் சொல்லாத மனுசன் போல. அந்தம்மாவைத்தான் பாத்திருக்கறேன், ஆம்பள ஆரையும் நான் பாத்ததே இல்லைன்னு சொல்லியிருக்கறாரு. எதிர் வீட்டுலயும் கேட்டிருக்கறாங்க. அவங்களும் அதையேதான் சொல்லியிருக்கறாங்க. ஒருத்தர் பாக்கலைங்க தம்பி. ஒண்ணரை வருசத்துல ஒருத்தரு கண்ணுலயும் நான் படலை. அவ்வளவு சுத்தமா இருந்திருக்கறேன்.

என்னையக் கொண்டாந்ததே, புருசன் பொஞ்சாதி ஒண்ணா இருக்கறதுக்குங்கற கார்டுல. ஒண்ணா இல்லைன்னா அந்தக் கார்டு எதுக்குங்கறாங்க. பேருக்குக் கல்யாணம் பண்ணிட்டு ஏமாத்தறோமான்னு சந்தேகம். வேலை பாக்கறதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலைங்க. ஒரு வார்த்தை! நான் எதுக்குப் பயந்தனோ அதை ஆரும் கேக்கவே இல்லை.

ரேணுகா பேருக்குக் கடிதாசி வந்துச்சு, போன மாசம். அவ பேருதான் பொட்டியில இருக்குதே. ரெண்டு பேரும் போவோம்னா. நான் வரலைன்னேன். போனா அங்கயே புடிச்சு வெச்சுக்கிட்டாங்கன்னா? நீ மட்டும் போயிப் பேசிட்டு வா, உனக்கு ஜெர்மன் நல்லா வருமேன்னேன். போனா. வந்தா. என்ன கேட்டாங்கன்னு கேட்டேன்.

உங்க வீட்டுக்காரரு உங்ககூடத்தான் இருக்கறாரான்னு கேட்டாங்கன்னு சொன்னா.

நீ என்ன சொன்ன?

"தெரியலைன்னு சொன்னேன்."

அவ்வளவுதானுங்க சொன்னா. ஷூவக் கழட்டி வெச்சுட்டு உள்ள போயிட்டா. ராத்திரி டூட்டி பாத்துட்டுப் போனவ, பாவம், தூக்கக் கலக்கம். இல்லாட்டி அந்தப் பொம்பள வேற எதாச்சும் கேட்டிருப்பா. இல்லைன்னா ஒரு பொஞ்சாதி அப்படிச் சொல்லுவாளுங்களா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன. எத்தனையோ தடவை நெனச்சுப் பாத்துட்டேன். தூக்கக் கலக்கந்தான். நீங்க ஏன் தம்பி கீழ பாக்கறீங்க? நான் சொல்றது சரிதானுங்களே?

இதுதான் கடைசி. இன்னைக்கு ரெண்டு பேரும் சேந்து வரணும், ஒண்ணாத்தான் குடியிருக்கறோம்னு காட்டணும். அவ ஆமான்னு சொல்லிட்டா எல்லாம் சரியாப் போயிரும். சொல்லலைன்னா நான் கெளம்ப வேண்டியதுதான். அவிநாசிக்குப் போயி என்ன பண்றதுங்க? வேலை இருக்குது, வீடு இருக்குது, எல்லாம் இருக்குது. அவ இங்கதான இருப்பா. அவ இல்லாம அந்த வீட்டுல நான் எப்படி இருக்கறது? கல்யாணமாகி ஏழு வருசம். அவளைப் பிரிஞ்சிரக் கூடாதுன்னுதானுங்க இவ்வளவும் பண்ணுனேன். அலமாரிக்குள்ள போயி உக்காந்ததே அதுக்குத்தான். இதை அவகிட்ட சொன்னேனான்னு கேக்கறீங்களா? இதையெல்லாம் போயிச் சொல்லோணுமா தம்பி, அவளுக்கே தெரியாதா?

நூத்தி அறுவத்தி ஒண்ணு. மணி பத்து தாண்டிருச்சுங்களா? பத்து அஞ்சு. வர மாட்டாளோ. போன் பண்ணலாமுங்களா? பண்ணுனா, டிராம்ல எல்லாரும் கேக்கற மாதிரி அவ ஸ்பீக்கர்ல போட்டுட்டான்னா... இல்லை, வேண்டாம்.

அந்தா வந்துட்டா. அந்தப் பச்சைக் கோட்டு. அவதான். வந்துட்டாளுங்க தம்பி, நான்தான் சொன்னேனே.

கூட ஆரு அது? அய்யோ. அவருங்க. அந்த வைஸ். அதே நீலச் சட்டை, அதே சாவிக்கொத்து. எதுக்குங்க இவரைக் கூட்டிட்டு வந்தா? இவருதானுங்களே என்னையப் பாத்ததே இல்லைன்னு சொன்ன ஆளு. மறுபடியும் அதையே சொல்லவா? மூஞ்சி கடுகடுன்னு இல்லை, நல்லாத்தான் இருக்குது. தலையெல்லாம் சீவிட்டு வந்திருக்கறாரு. சாட்சிக்குத்தான் கூட்டியாந்திருப்பா போல. இப்பவாச்சும் ஆளைப் பாத்துட்டார்னா, ஆமா, இவருதான், இங்கதான் இருக்கறார்னு சொல்லுவாருன்னு.

இங்க பாக்கறாரு. நம்ம ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்கறாரு. நம்மள்ல எவன் பூபதின்னு அவருக்குத் தெரியலைங்க. ரேணுகாவைத் திரும்பிப் பாக்கறாரு. அவ கையைக் காட்ட மாட்டேங்கறாளே. கதவுகிட்டயே நின்னுட்டா. ஏன் நின்னுட்டா? நான் குனிஞ்சுட்டேன் தம்பி, என்னால அவரு கண்ணைப் பாக்க முடியல. வர்றாரு. அதே பூட்சுச் சத்தம்.

உங்ககிட்ட வந்துட்டாரு. உங்களுக்குக் கை குடுக்கறாரு. ஹெர் பூபதிங்கறாரு. உங்களைப் பாத்து ஹெர் பூபதிங்கறாருங்க. சிரிக்கறாரு, பாருங்க, சந்தோசமாக் கையைப் புடிச்சுக் குலுக்கறாரு.

நூத்தி அறுவத்தி நாலு வந்துருச்சு.

தம்பி, கையை உதறிராதீங்க, மரியாதையா இருக்காது. மெதுவா அவர்கிட்ட சொல்லிருங்க. நான் இல்லீங்க, பக்கத்துல குனிஞ்சுட்டு உக்காந்திருக்கறவருதான் பூபதின்னு. உங்களுக்குத்தான் ஜெர்மன் வருமே. ரேணுகா அங்கயே நின்னு என்னையவே பாத்துட்டு இருக்கறா. எதுக்கு அப்படிப் பாக்கறாளோ, எனக்குத் தெரியல. ஒரு வார்த்தைதான தம்பி. நீங்களே சொல்லிருங்க.